வேகம் வேண்டாம், திரும்பி வந்தால் போதும்!

எங்கள் பகுதியில் பேட்டரி ஸ்கூட்டர் வர ஆரம்பித்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. பால் சொசைட்டிக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறவர்கள் என்று பலரும் வாங்கினார்கள். இன்றைக்கு ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றினால், அந்த வண்டிகளில் பல மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் தூசி படிந்து நிற்கின்றன. ஒரு வண்டியின் சீட்டில் தினமும் கோழி அடைகிறது. மோட்டார் நன்றாக இருக்கும், டயர் நன்றாக இருக்கும். பேட்டரி மட்டும் போயிருக்கும். 'மறுபடியும் பத்து, பன்னிரண்டாயிரம் யார் போடுவது' என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டு வண்டிக்கும் அதே நிலைமைதான் வந்தது. ஆனால், பழைய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரியை வீட்டிலேயே மாட்டினோம். 14 மாதங்களாக ஒரு நாள்கூட நிற்காமல் ஓடுகிறது. 'எவ்வளவு செலவாச்சு, நாமளே மாட்டலாமா?' என்று வழியில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அதனால், எங்கள் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

வண்டி எதற்கு?

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். ஒரு ஏக்கரில் மஞ்சள், மீதியில் நெல்லும் தீவனமும். மூன்று கறவை மாடுகள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து சொசைட்டி மூன்று கிலோமீட்டர். காலையும் மாலையும் பால் கொண்டுபோவது, புண்ணாக்கு வாங்கி வருவது, ரேஷன் கடை, பேங்க் என்று எல்லாம் சேர்த்து என் மனைவி ஒரு நாளைக்கு 18 கிலோமீட்டர் ஓட்டுகிறார்.

அவரிடம் லைசென்ஸ் கிடையாது. மோட்டார் 250 வாட்டுக்கு மிகாமலும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் பேட்டரி வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. அதனால்தான் இந்த வண்டியையே வாங்கினோம். அதற்கு முன்னால், பாலைக் கறந்து வைத்துவிட்டு என்னையோ, பக்கத்துத் தோட்டத்துப் பையனையோ எதிர்பார்த்து நிற்பார். நான் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தால் பால் நேரம் தவறிவிடும். வண்டி வந்த பிறகு அவர் யாரையும் எதிர்பார்க்கவில்லை. சொசைட்டிக் கணக்கும் அவர் பெயருக்கு மாறியது. பால் பணத்தில் சீட்டுக் கட்டுவதும் அவர்தான்.

17-வது மாதத்தில் பேட்டரி தளர்ந்தது. புதிதில் 35 கிலோமீட்டர் ஓடிய வண்டி, 14 கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது. மார்கழி மாதம் ஒரு நாள் சாயங்காலம் இட்டேரி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. 15 லிட்டர் கேனோடு இருட்டில் தனியாளாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, சொசைட்டி அடைத்துவிட்டார்கள். அன்றைய பால் முழுவதையும் உறை ஊற்ற வேண்டியதாகிவிட்டது. பால் போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. "இனி இந்த வண்டியை நம்பி எப்படிங்க கிளம்புறது?" என்றார். மறுபடியும் பழையபடி ஆள் எதிர்பார்த்து நிற்க வேண்டுமோ என்கிற பயம் அது.

வண்டி வாங்கிய கடையில் கேட்டோம். "இதே பேட்டரியை மறுபடி போடுங்க. இல்லைன்னா பழைய வண்டியைக் கொடுத்துட்டுப் புதுசு எடுத்துக்குங்க" என்றார்கள்.

முதலில் சோதனை

பம்ப்செட் ஸ்டார்ட்டரை நானே கழற்றி மாட்டிப் பழக்கம் உண்டு. அதனால், பேட்டரிக்குச் செலவு செய்வதற்கு முன்னால் பழுது எங்கே என்று பார்க்க நினைத்தேன். எங்கள் வண்டியில் இருந்தது 12 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் அளவுள்ள நான்கு லெட்-ஆசிட் பேட்டரிகள். நான்கையும் வரிசையாக இணைத்து 48 வோல்ட் ஆக்கியிருப்பார்கள்.

இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, மல்ட்டி மீட்டரில் பார்த்தேன். மூன்று பேட்டரிகள் 12.8 வோல்ட்டுக்கு மேல் காட்டின. நான்காவது 12.3. ஆனால், சும்மா இருக்கும்போது பார்க்கிற வோல்ட்டை நம்பக் கூடாது. வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை வாங்கி, செங்கல் மேல் வைத்து, ஒவ்வொரு பேட்டரியிலும் தனித்தனியாக எரியவிட்டேன். 10.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் பல்பைக் கழற்றிவிட வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பேட்டரி கெட்டுவிடும். நல்ல பேட்டரி என்றால் நான்கு மணி நேரமாவது தாங்க வேண்டும். மூன்று பேட்டரிகள் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாங்கின. நான்காவது 35 நிமிஷத்தில் இறங்கிவிட்டது.

நாற்று நடும்போது ஓர் ஆள் பின்தங்கினால் மொத்த வரிசையும் காத்து நிற்கும் இல்லையா... வரிசையாக இணைத்த பேட்டரியும் அப்படித்தான். அப்படியானால் கெட்டதை மட்டும் மாற்றினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். மீதி மூன்றும் பாதி பலத்தை இழந்தவை. புதிதாகச் சேரும் ஒன்றை அவை இழுத்துக்கொண்டு போய்விடும். சில மாதங்களில் அடுத்தது படுக்கும். மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும். அந்த இடத்தில்தான் லித்தியத்துக்குப் போகலாமா என்று யோசித்தோம்.

எந்த லித்தியம்?

லித்தியம் அயான் என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. அதற்குள் பல வகைகள் உண்டு. நிக்கல், கோபால்ட் சேர்ந்த வகை எடை குறைவு. ஆனால், சூடு தாங்குவது குறைவு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று ஒரு வகை உண்டு. கடையில் எல்.எஃப்.பி என்பார்கள். இதில் வருகிற 'அயர்ன்' இரும்பு. 'அயான்', 'அயர்ன்' இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எல்.எஃப்.பி கொஞ்சம் எடை கூடுதல். ஆனால், சூட்டில் சீக்கிரம் நிலைகுலையாது, ஆயுளும் அதிகம். சித்திரை வெயிலில் சொசைட்டி வாசலில் நிற்கப்போகிற வண்டிக்கு அதுதான் சரி என்று முடிவுசெய்தோம்.

எல்.எஃப்.பி செல் ஒன்று 3.2 வோல்ட். 16 செல்களை வரிசையாக இணைத்தால் 51.2 வோல்ட். முழு சார்ஜில் 58.4 வோல்ட் வரும். பழைய நான்கு லெட்-ஆசிட் பேட்டரிகளும் சார்ஜ் ஏறும்போது 58 வோல்ட்டைத் தாண்டும். அதனால், 48 வோல்ட் வண்டிக்கு இது பொருந்துகிறது. மோட்டார், கன்ட்ரோலர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நாங்கள் எடுத்தது 24 ஆம்பியர்-அவர். தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிட்டால், வோல்ட் என்பது தொட்டியின் உயரம், ஆம்பியர்-அவர் என்பது அகலம். உயரத்தை மாற்றாமல் அகலத்தை மட்டும் கொஞ்சம் கூட்டியிருக்கிறோம்.

60 வோல்ட் ஆசை

டவுனில் பேட்டரி வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் விசாரித்தேன். நல்ல வேலைக்காரப் பையன். "ஏனுங்ணா, 48 எதுக்கு? 60 வோல்ட் போட்டுத் தர்றேன். வண்டி பறக்கும். பழைய லேப்டாப் செல்லு நிறைய இருக்குது. பாதி விலைக்கு முடிச்சிடலாம்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி சொல்லிவிட்டார். "வேகம் வேண்டாங்க தம்பி. போன இடத்துல இருந்து வண்டி திரும்பி வந்தாப் போதும்."

அவர் சொன்னதில் மூன்று நியாயங்கள் இருக்கின்றன. ஒன்று, 48 வோல்ட் கன்ட்ரோலர் பலவற்றில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் 63 வோல்ட் வரைதான் தாங்கும். 60 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 70 வோல்ட்டைத் தொடும். கன்ட்ரோலர் வெடித்துப் போகும். இரண்டு, வோல்ட் கூடினால் வேகம் கூடும். வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டினால் லைசென்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும். அவருக்கு வண்டி கொடுத்த சுதந்திரமே அங்கே போய்விடும். மூன்று, அந்த வண்டியின் பிரேக்கும் ஃபிரேமும் அந்த வேகத்துக்குச் செய்ததில்லை. பின்னால் பால் கேன் வேறு இருக்கிறது.

பழைய லேப்டாப் செல்லையும் வேண்டாம் என்றோம். எந்தச் செல் எத்தனை வருஷம் உழைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒன்று பலம், ஒன்று பலவீனம் என்று கலந்து கட்டினால் பழைய கதைதான். லெட்-ஆசிட் என்றால் வண்டி நிற்கும், லித்தியம் என்றால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. தனித்தனிச் செல் வாங்கி வீட்டில் பற்றவைத்துக் கட்டுவதும் நமக்கு வேண்டாத வேலை. செல் கட்டுவது கடைக்காரர் வேலை. கட்டி, சோதித்து, பில்லோடு வந்த பேக்கை மாட்டுவது நம் வேலை. இந்தக் கோட்டை மட்டும் தாண்டக் கூடாது.

கழற்றியதும் மாட்டியதும்

எங்கள் வண்டியில் வாரன்ட்டி முடிந்திருந்தது. வாரன்ட்டி இருக்கிற வண்டி என்றால், விற்றவரிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

பேக் வாங்குவதற்கு முன்னால் இரண்டு அளவுகளை எழுதிக்கொண்டேன். ஒன்று, கால் வைக்கும் பலகைக்கு அடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டியின் நீளம், அகலம், உயரம். இரண்டு, கன்ட்ரோலர் ஸ்டிக்கரில் இருக்கும் அதிகபட்ச ஆம்பியர். எங்களுடையதில் 17 ஆம்பியர் என்று இருந்தது. லித்தியம் பேக்குக்குள் பி.எம்.எஸ் என்று ஒரு சர்க்யூட் இருக்கும். எந்தச் செல்லும் அளவுக்கு மேல் ஏறாமலும், அளவுக்குக் கீழே இறங்காமலும் அதுதான் காவல் காக்கும். அந்த பி.எம்.எஸ் கன்ட்ரோலர் கேட்கிற ஆம்பியரைவிடக் கூடுதலாகத் தாங்க வேண்டும். இல்லையென்றால் மேட்டில் ஏறும்போது பட்டென்று அணைத்துவிடும். நாங்கள் 30 ஆம்பியர் தாங்கும் பி.எம்.எஸ் கேட்டு வாங்கினோம்.

மாற்றும் வேலையைக் களத்தில், வைக்கோல் போருக்குத் தூரமாக, காய்ந்த இடத்தில் செய்தோம். மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். 48 வோல்ட் கையில் பட்டால் வீட்டுக் கரன்ட் மாதிரி அடிக்காது. ஆனால், பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால், ஸ்பேனரே பழுக்கிற அளவுக்குப் பொறி பறக்கும். மோதிரம் மாட்டினால் விரல் வெந்துவிடும். அதனால், ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டேன்.

முதலில் சாவியை எடுத்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் எம்.சி.பி சுவிட்சை அணைத்தேன். வயர்கள் இருந்தபடியே செல்போனில் படம் எடுத்தேன். பிறகு, இணைப்பு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கழற்றிய முனையில் உடனே டேப். இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்கக் கூடாது. நான்கு பேட்டரிகளும் வெளியே வந்தன. ஒன்று ஏறக்குறைய 7 கிலோ. மொத்தம் 28 கிலோ.

புதிய பேக் 12 கிலோ. இடம் மீதி இருந்தது. பேக் ஆடாமல் இருக்க அடியிலும் பக்கத்திலும் கெட்டியான ரப்பர் பாய் வெட்டி வைத்து, பெல்ட் போட்டு இறுக்கினேன். பேக்கின் மேல் எங்கேயும் ஸ்க்ரூ போடக் கூடாது. உள்ளே செல் இருக்கிறது. வயரை இணைப்பதற்கு முன்னால், எது பிளஸ், எது மைனஸ் என்று மல்ட்டி மீட்டரில் இரண்டு முறை பார்த்தேன். வயரின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் கன்ட்ரோலர் ஒரு நொடியில் போய்விடும். கடைசியாகத்தான் எம்.சி.பியைப் போட்டேன். பின் சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் வைத்து ஓடவிட்டுப் பார்த்து, பிறகு சாலைக்கு எடுத்தோம். மொத்தம் மூன்று மணி நேர வேலை.

மல்ட்டி மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள், வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் கூலிக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

சார்ஜரையும் மாற்ற வேண்டும்

பழைய சார்ஜர் நன்றாகத்தானே இருக்கிறது என்று பலரும் அதையே சொருகுகிறார்கள். அது லெட்-ஆசிட்டுக்காகச் செய்தது. சில சார்ஜர்கள் 58.4 வோல்ட்டைத் தாண்டியும் ஏற்றும். பி.எம்.எஸ் தடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால், மோட்டாரை நிறுத்த சுவிட்ச் இருக்கும்போது, தினமும் ஃபியூஸைப் பிடுங்கி நிறுத்துவோமா? எல்.எஃப்.பிக்கு என்றே 58.4 வோல்ட்டில் நிற்கும் சார்ஜர் கிடைக்கிறது. அதை வாங்கி, பழைய சார்ஜரை வீட்டில் வைக்காமல் கொடுத்துவிட்டோம். வீட்டில் இருந்தால் யாராவது ஒரு நாள் மாற்றிச் சொருகிவிடுவார்கள்.

வண்டியைத் திண்ணையில் நிறுத்தித்தான் சார்ஜ் போடுகிறோம். படுக்கிற அறையில் போடுவதில்லை. ஓட்டி வந்ததும் அரை மணி நேரம் ஆறவிட்டு, எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் போடுவோம். பம்ப்செட்டின் இலவச மின் இணைப்பிலிருந்து எடுப்பதில்லை. அது பாசனத்துக்கு மட்டும் தந்த இணைப்பு.

இன்னொன்று. வண்டியில் இருக்கும் பேட்டரி முள் இனி சரியாகக் காட்டாது. லித்தியம் பேட்டரி கடைசிவரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டில் ஓடி, முடியும்போது சட்டென்று இறங்கும். முள் பாதியைக் காட்டுகிறது என்று நம்பினால் நடுவழியில் நிற்க நேரும். கிலோமீட்டரைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். எங்களுக்கு ஒரு சார்ஜுக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. 35 ஆனதும் சார்ஜ் போட்டுவிடுவார் என் மனைவி.

செலவுக் கணக்கு

நாங்கள் பேக்குக்குக் கொடுத்தது 24,000 ரூபாய். சார்ஜர் 2,500. மொத்தம் 26,500. விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். லெட்-ஆசிட் நான்கும் வாங்கியிருந்தால் 12,000. பழையதைக் கொடுத்தால் 2,000 கழியும். நிகரம் 10,000. அது ஒன்றரை வருஷம் வரும். ஆக, பேட்டரிக்குப் பேட்டரி என்று பார்த்தால், நான்கு வருஷம் ஓடினால்தான் லித்தியம் போட்ட பணம் சரிக்குச் சரியாகும். எங்கள் பேக்குக்கு மூன்று வருஷ வாரன்ட்டி இருக்கிறது. 'போட்ட உடனே லாபம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால், வண்டியைக் கிடப்பில் போட்டுவிட்டு மொபெட்டில் போயிருந்தால்? ஒரு நாளைக்கு 18 கிலோமீட்டர், மாதம் 540. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தாலும் 11 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,100. அந்தக் கணக்கில் இரண்டு வருஷத்தில் பணம் திரும்பிவிடுகிறது. கரன்ட் ஒரு நாளைக்கு அரை யூனிட்தான், இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்.

பணத்தில் வராத லாபம் ஒன்று, எடை. 28 கிலோ எடுத்து 12 கிலோ வைத்ததில் வண்டி 16 கிலோ குறைந்தது. அது ஏறக்குறைய அவர் கொண்டுபோகும் 15 லிட்டர் பாலின் எடை. இப்போது அந்த இட்டேரி மேட்டில் கேனோடு ஏறும்போது வண்டி திணறுவதில்லை.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

அதில் இருப்பது ஈயமும் அமிலமும். வரப்பில் போட்டால் மண்ணும் கிணறும் கெடும். குழந்தைகளின் உடம்பில் ஈயம் சேர்ந்தால் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். உடைத்து ஈயம் உருக்குகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைக் குப்பையோடு சேர்க்காமல், சேகரிக்கிறவர்களிடமோ மறுசுழற்சி செய்கிறவர்களிடமோ ஒப்படைக்க வேண்டும். பேட்டரிக் கடைகளே எடைக்கு எடுத்துக்கொள்கின்றன. லித்தியம் பேட்டரிக்கும் இதே விதிகள்தான். பேக் உப்பினாலோ, வாடை வந்தாலோ, வெள்ளத்தில் மூழ்கினாலோ திறந்து பார்க்காதீர்கள். சார்ஜும் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே தனியாக வைத்துவிட்டுக் கடைக்குச் சொல்லுங்கள். புகை வந்தால் கிட்டே போகாமல் தள்ளி நின்று, தீயணைப்புத் துறைக்கு 101-ல் கூப்பிடுங்கள்.

வாங்கும்போது கேளுங்கள்

உள்ளே இருப்பது எந்த வகைச் செல், புதியதா? எத்தனை செல் வரிசை? பி.எம்.எஸ் எத்தனை ஆம்பியர்? பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ்-156 தரத்துக்குச் சோதித்ததா? சார்ஜர் எத்தனை வோல்ட்டில் நிற்கும்? வாரன்ட்டி எத்தனை வருஷம், பழுதானால் எந்த ஊருக்குக் கொண்டுவர வேண்டும்? ஆயுள் முடிந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? இந்த ஏழு கேள்விகளுக்கும் பதிலைப் பில்லிலேயே எழுதித் தருகிற கடையில் வாங்குங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற கடையில், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

எங்கள் பில்லும் வாரன்ட்டி அட்டையும், பட்டா, சிட்டா வைத்திருக்கும் பையில் பத்திரமாக இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து, வயர் முனைகள் இறுக்கமாக இருக்கின்றனவா, எங்கேயாவது கருகியிருக்கிறதா என்று பார்ப்போம். போன முறை அந்த வேலையை என் மனைவியே செய்தார். நான் டார்ச் மட்டும் பிடித்தேன்.